காப்பு கட்டிய கதை

எங்கள் பக்கத்து ஊர்களில் மாரியம்மன் திருவிழா என்றால் முதலில் காப்பு கட்டுவார்கள். மஞ்சள் தடவிய கயிறு கையில் ஏறிவிட்டால் திருவிழா முடியும்வரை வெளியூரில் இரவு தங்கக் கூடாது. கம்ப்யூட்டர்காரர்கள் 'பேக்கப்' என்பதைத் தமிழில் 'காப்பு' என்று எழுதுகிறார்கள். பொருத்தமான சொல்தான். கையில் கட்டிய கயிறு அவிழ்ந்தால் உடனே தெரியும். நான் ஒரு சர்வரில் கட்டிய காப்பு அவிழ்ந்து ஆறு மாதம் ஆகியும் எனக்குத் தெரியவில்லை. அதைத்தான் இன்று எழுதப் போகிறேன். கொஞ்சம் தொழில்நுட்பம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் எனக்கு இருந்தார். நான் அவரை 'வாத்தியாரே' என்பேன், அவர் என்னை 'பேங்க்காரரே' என்பார். 2013-ல் அவர் ஓர் இணையதளம் ஆரம்பித்தார. டெல்டா பக்கத்து வயல் வேலைச் சொற்கள், நடவுப் பாட்டுகள், கிழவிகள் சொல்லும் சொலவடைகள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதுவார். முதல் இரண்டு வருஷம் நோட்டில் எழுதிவிட்டு டைப் செய்தார். கை பழகியதும் நோட்டை விட்டுவிட்டு நேராகவே டைப் செய்தார். ஒன்பது வருஷத்தில் நானூறுக்கு மேல் பதிவுகள்.

எழுத்து அவருடையது, சர்வர் வேலை என்னுடையது. எனக்கு அந்தத் தகுதி எப்படி வந்தது என்றால், தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் கிளைக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது அதைக் கட்டிக்கொண்டு அழுத ஆள் நான்தான். சாயங்காலம் கணக்கு முடிந்ததும் ஃபிளாப்பியில் காப்பு எடுக்க வேண்டும். திங்கள் முதல் சனி வரை கிழமைப் பெயர் ஒட்டிய ஃபிளாப்பிகள் இரண்டு செட். ஒன்று கிளையின் இரும்புப் பெட்டிக்குள் போகும், இன்னொன்று பக்கத்துக் கிளைக்குப் போகும். லாக்கர் அறையின் டூப்ளிகேட் சாவியை வேறொரு கிளையில் வைப்பது பழைய வழக்கம். அதே யோசனைதான் இதற்கும்.

ஒரு முறை இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த அதிகாரி ஃபிளாப்பிப் பெட்டியைத் திறந்து பார்த்தார். லேபிள் எல்லாம் அழகாக இருந்தது. ரிஜிஸ்டரில் தினமும் என் கையெழுத்து இருந்தது. "எல்லாம் சரி சார், இதிலிருந்து ஒரு தடவையாவது திருப்பி ஏற்றிப் பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டார். நான் விழித்தேன். புதன்கிழமை ஃபிளாப்பியை எடுத்துப் போடச் சொன்னார். கரகரவென்று சத்தம் மட்டும்தான் வந்தது. தட்டில் பூஞ்சை பிடித்திருந்தது. எத்தனை புதன்கிழமைகளாக அப்படி இருந்ததோ! அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டதாகத்தான் இருபத்தைந்து வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வாத்தியாரின் தளம் வேர்ட்பிரஸ்ஸில் ஓடியது. அதில் இரண்டு பகுதி உண்டு. படங்களும் ஒலிப்பதிவுகளும் கோப்புகளாக ஒரு ஃபோல்டரில் இருக்கும். எழுதிய எழுத்தெல்லாம் மைஎஸ்க்யூஎல் என்னும் தரவுத்தளத்தில் இருக்கும். ஃபோல்டரை மட்டும் காப்பி செய்தால் எழுத்து வராது, தரவுத்தளத்தை மட்டும் எடுத்தால் படம் வராது. இரண்டையும் தனித்தனியாக எடுக்க வேண்டும்.

லினக்ஸ் சர்வரில் 'கிரான்' என்று ஓர் அலாரம் இருக்கிறது. நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என்று ஐந்து கட்டங்களை நிரப்பி, பக்கத்தில் செய்ய வேண்டிய வேலையை எழுதிவிட்டால் நேரம் தவறாமல் அது செய்துவிடும். எங்கள் சர்வரின் கடிகாரம் உலக நேரத்தில் ஓடியது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். ஊர் அடங்கிய பிறகு இரவு இரண்டரை மணிக்குக் காப்பு எடுக்க வேண்டுமென்றால் '0 21 * * *' என்று எழுத வேண்டும், அதாவது அங்கே முந்தைய நாள் இரவு ஒன்பது மணி. இது புரியாமல் முதல் வாரம் முழுக்கக் காலை எட்டு மணிக்கு, வாசகர்கள் வந்து படிக்கிற நேரத்தில், காப்பு எடுத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்தது சதவீதக் குறி. கோப்பின் பெயரில் அன்றைய தேதி வருவதற்காகக் கட்டளையில் சதவீதக் குறி போட்டிருந்தேன். கையால் ஓட்டினால் ஓடியது, கிரான் ஓட்டினால் ஓடவில்லை. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் தெரிந்தது: கிரானுக்குச் சதவீதக் குறி என்றால் அந்த வரி அங்கே முடிந்தது என்று அர்த்தம். முன்னால் ஒரு பின்சாய்வுக் கோடு போட வேண்டும். போட்டேன், ஓடியது. தரவுத்தளத்தை மைஎஸ்க்யூஎல்டம்ப் கொட்டும், அதை ஜிஸிப் வாங்கிச் சுருக்கும், சுருங்கிய கோப்பு கூகுள் டிரைவுக்குப் போய்விடும். முப்பது நாளுக்கு மேல் பழையது தானாக அழிந்துவிடும். படங்கள் இருக்கும் ஃபோல்டர் தனியாக என் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரே ஒரு தொல்லை. கட்டளையிலேயே பாஸ்வேர்டை எழுதினால் மைஎஸ்க்யூஎல் ஒவ்வொரு முறையும் 'இது பாதுகாப்பல்ல' என்று எச்சரிக்கும். கிரான் அந்த எச்சரிக்கையைத் தினம் எனக்கு மெயிலாக அனுப்பியது. அது சரியான எச்சரிக்கைதான். பாஸ்வேர்டைத் தனிக் கோப்பில் வைத்து, அதை நான் மட்டும் படிக்கிற மாதிரி அனுமதி கொடுத்திருந்தால் மெயில் நின்றிருக்கும். நான் அதைச் செய்யவில்லை. வரியின் கடைசியில் நாலு எழுத்து சேர்த்து, அந்த வேலை என்ன சொன்னாலும் குப்பையில் போடு என்று கிரானிடம் சொல்லிவிட்டேன். மெயில் நின்றது. எச்சரிக்கை மட்டுமல்ல, எல்லா மெயிலும் நின்றது.

2021 மார்ச் 10 அன்று பிரான்சில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்தில் ஓவிஹெச் நிறுவனத்தின் தரவு மையம் தீப்பிடித்தது. ஒரு கட்டடம் முழுதாகவும் பக்கத்துக் கட்டடத்தில் ஒரு பகுதியும் எரிந்தன. 36 லட்சம் இணையதளங்கள் முடங்கியதாக நெட்கிராஃப்ட் நிறுவனம் கணக்குச் சொன்னது. காப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த சிலருக்குச் சர்வரும் போனது, காப்பும் போனது. நான் வாத்தியாருக்கு போன் போட்டு, "நம்ம காப்பு வேற கம்பெனியில, வேற ஊர்ல இருக்கு, கவலையே இல்லை" என்று பீற்றிக்கொண்டேன்.

அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். "பேங்க்காரரே, ஒரே ஏட்டுச்சுவடியை நம்பியிருந்தா உ.வே.சா. என்ன பண்ணியிருப்பாரு? ஒண்ணுல விட்டுப்போன இடம் இன்னொண்ணுல இருக்கும்னுதான் ஊர் ஊரா அலைஞ்சாரு. என் வீட்டுப் பீரோவுல ஒரு காப்பி போட்டு வையுங்க. வருஷத்துக்கு ஒரு தரம் போதும்."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. கிழவருக்கு மேகத்தில் நம்பிக்கை இல்லை, பீரோவில்தான் நம்பிக்கை என்று நினைத்தேன். இருந்தாலும் அவர் மனசுக்காக 2022 போகி அன்று காலையில் ஒரு பென்டிரைவில் தரவுத்தளத்தைக் கையாலேயே எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வெற்றிலைப் பெட்டிக்குள் போட்டு பீரோவில் வைத்தார்.

பொங்கல் முடிந்து பத்து நாள் இருக்கும். ஹோஸ்டிங் நிறுவனத்திலிருந்து எல்லோரும் பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்று மெயில் வந்தது. தரவுத்தளத்தின் பாஸ்வேர்டை மாற்றினேன். தளத்தின் அமைப்புக் கோப்பிலும் மாற்றினேன். தளம் திறந்தது. வேலை முடிந்தது என்று காபி குடிக்கப் போய்விட்டேன். காப்பு எடுக்கும் கட்டளையிலும் அதே பாஸ்வேர்ட் இருக்கிறது என்பது நினைவுக்கே வரவில்லை.

அந்த மாசியிலேயே வாத்தியாருக்கு உடம்பு முடியாமல் போய்விட்டது. படுத்துக்கொண்டே செல்போனில் எழுதினார். முன்பெல்லாம் வாரம் ஒன்று வரும், இப்போது மூன்று நாளைக்கு ஒன்று வந்தது. அவசரம் எனக்குப் புரிந்தது, இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பங்குனிக் கடைசியில் போய்விட்டார்.

ஜூலை மாதம் ஒரு காலையில் தளம் திறக்கவில்லை. சர்வரின் டிஸ்க் பழுதாகிவிட்டது, மீட்க முடியவில்லை, வாடிக்கையாளர்கள் தங்கள் காப்பிலிருந்து மீட்டுக்கொள்ளவும் என்று ஹோஸ்டிங் நிறுவனம் எழுதியிருந்தது. காப்பு வாடிக்கையாளரின் பொறுப்பு என்று ஒப்பந்தத்திலும் இருந்தது. நான் பதறவே இல்லை. நமக்குத்தான் கூகுள் டிரைவில் இருக்கிறதே!

திறந்து பார்த்தேன். முப்பது கோப்புகள். ஒவ்வொன்றிலும் தேதி சரியாக இருந்தது. நேற்று இரவு வரைக்கும் வந்திருந்தது. கடைசிக் கோப்பை இறக்கி விரித்தேன். ஒன்றுமே இல்லை. முந்தின நாள் கோப்பு, அதிலும் இல்லை. அப்புறம்தான் பக்கத்தில் அளவு என்ற பத்தியைப் பார்த்தேன். எல்லாம் 20 பைட். முப்பதும் 20 பைட்.

வெறுமையைச் சுருக்கினால் ஜிஸிப் கொடுக்கும் கோப்பின் அளவு 20 பைட். தரவுத்தளம் பழைய பாஸ்வேர்டை ஏற்காமல் கதவைச் சாத்திவிட்டது. கொட்டுவதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் ஜிஸிப் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது: ஒன்றுமில்லாததை வாங்கி, அழகாகச் சுருக்கி, தேதி போட்டு வைத்திருக்கிறது. இரண்டு கட்டளைகளை இப்படிக் குழாய் போட்டு இணைத்தால் கடைசி ஆள் ஜெயித்தாரா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். முதல் ஆள் தோற்றது கணக்கில் வராது. தோற்றவர் போட்ட கூச்சலையோ நானே குப்பைக்கு அனுப்பியிருந்தேன். முப்பது நாள் கணக்கில் நல்ல காப்புகளும் பிப்ரவரி முடிவதற்குள் ஒவ்வொன்றாக அழிந்துபோயிருந்தன. புதன்கிழமை ஃபிளாப்பி மாதிரியேதான். லேபிள் அழகாக இருந்தது.

அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. வாத்தியாரின் மகள் பெங்களூரில் இருக்கிறாள். போன் செய்து நடந்ததைச் சொன்னேன். என் தவறு என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "பீரோவுல ஒரு பென்டிரைவ் இருக்குமே மாமா, அப்பா சொல்லுவாங்களே" என்றாள்.

அந்த வாரமே அவள் ஊருக்கு வந்தாள். வெற்றிலைப் பெட்டியைத் திறந்து கொடுத்தாள். புதிய சர்வர் ஒன்றை எடுத்து அதில் ஏற்றினேன். ஏறியது. ஆனால் தமிழ் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஐரோப்பிய எழுத்துகள் கொம்பும் கொக்கியுமாக வரிசை கட்டி நின்றன. எனக்குக் கையெல்லாம் நடுங்கிவிட்டது. அது எழுத்துக் குறியீட்டுக் கோளாறு. எடுக்கும்போதும் ஏற்றும்போதும் ஒரே குறியீட்டைச் சொல்ல வேண்டும், தமிழுக்கு யூடிஎஃப்-8 வகை. ஏற்றும்போது நான் சொல்லவில்லை, சர்வர் பழைய லத்தீன் குறியீடு என்று எடுத்துக்கொண்டது. அழித்துவிட்டுக் குறியீட்டைச் சொல்லி மறுபடி ஏற்றினேன். தமிழ் வந்தது.

போகி வரைக்கும் எல்லாம் இருந்தது. அதற்குப் பிறகு எழுதிய பதினான்கு இல்லை. அவர் படுக்கையில் எழுதியவை எல்லாம் அந்தப் பதினான்கில்தான்.

பழைய தரவுத்தளத்தில் சந்தாதாரர் பட்டியல் இருந்தது, இருபத்து மூன்று பேர். பதிவு வெளியானால் முழுப் பதிவும் அவர்களுக்கு மின்னஞ்சலில் போகும். ஒவ்வொருவருக்கும் எழுதினேன். பாதிப் பேரிடமிருந்து பதிலே இல்லை, சிலர் படித்ததும் அழித்துவிட்டதாகச் சொன்னார்கள். மகளும் சந்தாதாரர்தான். அவளிடம் ஏழு இருந்தன. "படிச்சதை எல்லாம் டெலிட் பண்ணிட்டேன் மாமா. இதெல்லாம் அப்புறம் படிக்கலாம்னு வச்சிருந்தேன்" என்றாள். அதற்கு மேல் அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. மலேசியாவிலிருந்து ஒருவர் மூன்று அனுப்பினார், மதுரையிலிருந்து ஓர் அம்மா ஒன்று அனுப்பினார். இன்னொன்று வேபேக் மெஷினில் கிடைத்தது. ஆக பன்னிரண்டு.

மீதி இரண்டும் வெளியிடாத வரைவுகள். யாருக்கும் போகவில்லை, எங்கும் பதியவில்லை. ஒன்று மழைக்கு இருக்கும் பெயர்களைப் பற்றியது, இன்னொன்று அவருடைய அம்மாவைப் பற்றியது. போனில் சொன்னார், "முடிச்சதும் சொல்றேன்" என்றார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தபோது, 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற நிறுவனத்தில் நடந்தது தெரிந்தது. ஒரு பொறியாளர் அலுப்பில் தவறான சர்வரில் 300 ஜிபி தரவை அழித்துவிட்டார். ஐந்து விதமான காப்பு முறைகள் வைத்திருந்தார்கள், எதுவும் சரியாக உதவவில்லை. தினசரிக் காப்பு பல நாளாகவே எடுபடவில்லை, அதைச் சொல்ல வந்த மெயில்களும் போய்ச் சேரவில்லை. ஒரு பொறியாளர் வேறு காரணத்துக்காக ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்துவைத்த பிரதிதான் காப்பாற்றியது. நடந்ததை ஒளிக்காமல் அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். நான் எழுதுவதற்கு அதுவும் ஒரு தைரியம்.

இப்போது நான் செய்து வைத்திருப்பதைச் சொல்லிவிடுகிறேன். யாருக்காவது உதவும்.

பாஸ்வேர்ட் கட்டளையில் இல்லை, தனிக் கோப்பில் இருக்கிறது. குழாயில் முதல் ஆள் தோற்றாலும் மொத்தமும் தோற்றதாக எடுத்துக்கொள்ளும்படி 'பைப்ஃபெயில்' போட்டிருக்கிறேன். காப்புக் கோப்பு வழக்கமாக ஒன்பது எம்பி வரும். ஐந்துக்குக் கீழே போனால் மெயில் வரும். கொட்டி முடித்ததும் மைஎஸ்க்யூஎல்டம்ப் கடைசி வரியில் முடிந்தது என்று எழுதும், அந்த வரி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்தது கூர்க்கா ஏற்பாடு. எங்கள் தெருவில் ராத்திரி கூர்க்கா விசில் அடித்துக்கொண்டு போவார். திருடன் வந்தால் கத்துவார் என்பது ஒரு காவல். இன்று விசில் சத்தமே கேட்கவில்லையே என்று நாம் எழுந்து பார்ப்பது அதைவிடப் பெரிய காவல். அதே மாதிரி, காப்பு சரியாக முடிந்தால் வெளியில் உள்ள ஒரு சேவைக்குச் சர்வர் ஒரு குறிப்பு அனுப்பும். ஒரு நாள் குறிப்பு வராவிட்டால் அந்தச் சேவை எனக்குச் சொல்லும். அதற்கென்றே இலவசச் சேவைகள் இருக்கின்றன. சர்வரே செத்துப்போனாலும் தகவல் வந்துவிடும்.

முப்பது நாள் கணக்கை எடுத்துவிட்டேன். தினக் காப்பு ஏழு, வாரக் காப்பு நாலு, மாதக் காப்பு பன்னிரண்டு இருக்கும். கோளாறைத் தாமதமாகக் கண்டுபிடித்தாலும் பழைய நல்லது ஒன்றாவது மிஞ்சும். ஒரு பிரதி மேகத்தில். இன்னொன்றை என் வீட்டுக் கம்ப்யூட்டர் சர்வருக்குப் போய்த் தானே எடுத்துக்கொண்டு வருகிறது. சர்வருக்குள் யாராவது புகுந்தாலும் வீட்டுப் பிரதியை அழிக்க வழியில்லை. பீரோவில் வருஷத்துக்கு ஒரு பென்டிரைவ், இதில் மாற்றமே இல்லை.

பாஸ்வேர்டுகளையும் மீட்கும் முறையையும் இரண்டு பக்கம் கையால் எழுதி, கவரில் ஒட்டி வாத்தியாரின் மகளிடம் கொடுத்திருக்கிறேன். டூப்ளிகேட் சாவி பக்கத்துக் கிளையில் இருக்க வேண்டும் அல்லவா? எனக்கும் எழுபத்தொன்று ஆகிறது.

கடைசியாக, மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை. முந்தின இரவுக் காப்பை வீட்டு லேப்டாப்பில் ஏற்றிப் பார்ப்பேன். அரை மணி நேர வேலை. ஏறியதும் வாத்தியாரின் கடைசிப் பதிவைத் திறப்பேன். அறுவடைக் களத்தில் நெல் அளக்கும்போது ஒன்று என்று சொல்லாமல் 'லாபம்' என்று ஆரம்பிப்பதைப் பற்றியது அது. மலேசியாக்காரர் அனுப்பிக் கொடுத்தது. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத்தான் மூடுவேன்.

போன மாதம் எனக்குக் கண் ஆபரேஷன். திரையைப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கவரைப் பிரித்துப் படித்து, அவளே பெங்களூரில் உட்கார்ந்து ஏற்றியிருக்கிறாள். பத்தரை மணிக்கு போன் வந்தது.

"வந்துடுச்சு மாமா. லாபம்னு ஆரம்பிக்குது."

"அளவு எவ்வளவு காட்டுதும்மா?" என்று கேட்டேன்.

"ஒன்பது எம்பி மாமா, பார்த்துட்டேன்" என்றாள்.